இதுகூடத் தெரியாதா?

தமிழில் மிக அதிகமாகச் செலவு வைக்கிற வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: 'இதுகூடத் தெரியாதா?'

பாங்க்கில் செலான் நிரப்பத் திணறும் பெரியவர் காதில் இது விழுகிறது. மெக்கானிக் ஷெட்டில், பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குப் பதில் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்த பையன் காதில் விழுகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் கூடி சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் இடங்களில் தினமும் விழுகிறது. சொன்னவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்டுக்கொண்டவர் மறப்பதில்லை. ஒன்றே ஒன்று செய்வார்: அடுத்த முறை கேள்வி கேட்க மாட்டார்.

தெரிந்தவருக்கு, தெரியாதவரை எடுத்தெறிந்து பேச உரிமை உண்டா? 'உண்டு' என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்போம். 'ஸார், விஷயம் தெரிந்தவன் நேரம் விலை உயர்ந்தது. ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் சூடாகப் பேசினால்தான் அரைகுறைகள் ஒதுங்குவார்கள், வேலை சுத்தமாக நடக்கும்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமா என்று பார்க்க 1991-ம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்ட்டில், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி நாலு பேருக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். உலகம் முழுவதிலிருந்தும் புரோகிராமர்கள் வந்து சேர்ந்தார்கள். பலர் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள். இன்று உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் லினக்ஸும் இருக்கிறது.

அதே 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். இங்கேயும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டும் களை எடுத்துவிட்டும் வந்த பெண்களுக்குச் சாயங்காலத்தில் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் அசிங்கமாகக் கிண்டல் செய்ததையும், இந்தப் பெண்கள் அதைச் சட்டை செய்யாமல் போனதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

ஹெல்சிங்கியையும் புதுக்கோட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த அறிவு. யாரும் யாரையும் கட்டிப் போடவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

அறிவொளியில் அப்படி எழுந்து போக ரொம்ப சுலபம். நாற்பது வயதுப் பெண்மணி, தன் மகன் வயதுத் தொண்டர் முன்னால் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'இதுகூடத் தெரியாதா?' என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுநாள் அவர் வர மாட்டார். 'மாட்டுக்குத் தண்ணி காட்டணும் தம்பி' என்று நாசூக்காகக் காரணம் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரியும் வர மாட்டார். அங்கே மரியாதை என்பது மேலே தூவும் கொத்தமல்லித் தழை கிடையாது. அதுதான் அடுப்பே.

லினக்ஸில் வேறு பழக்கம். தலைவருக்குக் கோபம் வந்தால் வார்த்தைகள் தாறுமாறாகப் பறக்கும், எல்லோரும் பார்க்கவே. தப்பாக ஒரு திருத்தம் அனுப்பியவரின் மூளையையே சந்தேகித்துப் பேசுவார். 2015-ல் ஒரு முக்கியப் பங்களிப்பாளர், 'இங்கே என் வேலைக்கு மரியாதை கிடைக்கிறது, மனுஷருக்குக் கிடைக்கவில்லை' என்ற பொருள்படச் சொல்லிவிட்டு விலகினார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் பேச்சுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில் நடத்தை விதிகளும் வந்தன.

'அதனால் என்ன, லினக்ஸ் ஜெயித்துவிட்டதே!' என்பீர்கள். நான் படித்தது பி.காம். கணக்கு வழக்கில் ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள்: வரவை மட்டும் காட்டும் புத்தகத்தை நம்பாதே. ஜெயித்த லினக்ஸ் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டு சத்தமில்லாமல் போனவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. மற்றவன் வாங்கிய திட்டைப் பார்த்துவிட்டு வாயே திறக்காதவர்களும் இல்லை. வராக் கடனுக்குக்கூட லெட்ஜரில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். வராமல் போன மனிதருக்கு, கேட்கப்படாத கேள்விக்குப் பக்கம் கிடையாது. அதனால்தான் சூடாகப் பேசுவது லாபம் போலவே தெரிகிறது.

சரி, மரியாதை மரியாதை என்று தப்பைத் தப்பென்று சொல்லாமல் விட்டுவிடலாமா? கூடாது. தப்பான பாலத்துக்கு மரியாதையாகத் தலையாட்டினால் பாலம் விழும். இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. 'இந்தக் கணக்கு தப்பு, இந்த வரியில் தப்பு' என்பது கண்டிப்பு. 'உனக்கெல்லாம் எதற்குக் கணக்கு?' என்பது அவமதிப்பு. முதலாவதைக் கேட்டவன் திருத்திக்கொள்கிறான். இரண்டாவதில் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது?

இதற்கும் புதுக்கோட்டையிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சத்தியமூர்த்தி அதற்கு அடுத்த வருஷம் திருமயத்தில் பிறந்தவர். ஒரே சமஸ்தானத்து மண். சென்னை சட்டசபையில் தேவதாசி முறை ஒழிப்பு விஷயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவம். அதைவிடக் கடுமையான கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அவைக்கு ஒரு விதி உண்டு: எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது, தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சின்ன விதிதான். கருத்தை முழுசாக மோதவிட்டு, ஆட்களை மோதவிடாமல் நடுவில் ஒரு நாற்காலியைப் போடுகிறது. 1927-ல் அந்த அவையின் துணைத் தலைவராக, தலைவர் இல்லாத நேரங்களில் அந்த நாற்காலியில் உட்காரும் பொறுப்பு முத்துலட்சுமிக்கே வந்தது. இளம்பெண்ணாக மகாராஜா காலேஜில் சேரப் போனபோது எதிர்ப்பைச் சந்தித்து, மன்னர் தலையிட்டதால் இடம் கிடைத்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர். வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நடுநாற்காலி வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் மானூரில், கி.பி. 800 வாக்கில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் எந்த யோசனை வந்தாலும் மறுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு அபராதம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், மறுத்துப் பேசுவதற்கு அபராதம் இல்லை. கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்வதற்குத்தான் அபராதம்.

நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கஷ்டமான சோதனை ஒன்று இருக்கிறது. சின்ன ஆள் தப்பாகப் பேசினால் அடக்குவது சுலபம். கூட்டத்திலேயே அதிகம் தெரிந்தவர், அவர் இல்லாவிட்டால் பாதி வேலை நிற்கும் என்கிற அளவுக்கு வேண்டப்பட்டவர் தப்பாகப் பேசும்போது, 'அண்ணே, விஷயத்தை மட்டும் சொல்லுங்க' என்று சொல்ல முடிகிறதா? அதைச் சொல்ல முடியாதவர் கையில் இருக்கிற விதிப் புத்தகம் எளியவர்களை மிரட்டத்தான் பயன்படும்.

கேட்கிறவருக்கும் கடமை உண்டு. ஒரு நிமிஷம் தானே தேடிப் பார்க்காமல் அடுத்தவர் நேரத்தைத் தின்னக் கூடாது. அப்படி ஒருவர் வந்தால், 'இங்கே பாருங்கள், ஏற்கெனவே பதில் இருக்கிறது' என்று கையைக் காட்டினால் போதும். அதற்கும் திட்டுவதற்கும் ஆகிற நேரம் ஒன்றுதான்.

உங்கள் ஆபீஸில், ஷெட்டில், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில், வீட்டில்கூட ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கடைசியாக யார், எப்போது, 'எனக்குத் தெரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்' என்று கேட்டார்கள்? ரொம்ப நாளாக யாருமே கேட்கவில்லையென்றால், எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒருநாள் யாரோ கேட்டிருப்பார்கள். அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று விசாரியுங்கள்.