கைக்கும் அறிவு உண்டு

1937-இல் வார்தா கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி அமைய வேண்டும் என்றார் காந்தியடிகள். அந்த எண்ணத்தின் சாயலை, 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் பள்ளி ஆய்வகங்களில் நாம் காண்கிறோம். 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவருக்கான இவற்றுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை நடுவண் அரசு வழங்குகிறது. முப்பரிமாண அச்சுப்பொறியும் உணரிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொடும் உரிமை யாருக்கு என்பதே அறத்தின் கேள்வி.

பழுதாகிவிடும் என்று பூட்டிவைத்த கருவி எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. முதல் மதிப்பெண் பெறுவோருக்கு மட்டும் அதைத் திறந்தால், கடைசி வரிசை மாணவி தன் கைத்திறனை என்று அறிவாள்? கம்பியைத் தவறாக இணைத்தால் விளக்கு எரியாது. அவள் மாற்றி இணைத்துப் பார்க்கிறாள். தேர்வுத்தாள் தராத மறுவாய்ப்பு இது. கருவியின் விலையை அறிந்த நாம், தயங்கி நிற்கும் அக்கையின் விலையையும் அறிய வேண்டாமா?