நடுவில் ஒரு வாரம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் சார்லட்டில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. எஸ்.ஏ.டி. பயிற்சி, நீச்சல், ரோபாட்டிக்ஸ், நடுவில் ஊருக்கு ஒரு பயணம். இவ்வளவுக்கும் இடையில் பத்தாம் வகுப்பு முடித்த என் மகளை, மேற்கு வர்ஜீனியா மலைக்குள் வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒரு சபை முகாமுக்கு அனுப்ப முடிவுசெய்தோம். பிள்ளைகளுடன் பெரியவர்களும் வரவேண்டும் என்றார்கள்; நானும் போனேன். திரும்பி வந்ததும் தோழி ஒருத்தி கேட்டாள்: "பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க ஒரு வாரத்துல என்ன பெரிசா செஞ்சிட முடியும்?" அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. கூலி கொடுத்தால் நல்ல தச்சர் இருவர் மூன்று நாளில் முடித்துவிடும் வேலைக்கு, ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை மலைமேல் ஏற்றிக்கொண்டு போவானேன்? நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையாகப் பதில் தேடிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் போன இடம் மெக்டவல் கவுண்டி, மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடி. ஒரு காலத்தில் நிலக்கரியால் கொழித்த பகுதி. 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020-இல் 19 ஆயிரத்துச் சொச்சம். சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது, ஆட்கள் வெளியேறினார்கள். பின்னர் எஃகு ஆலைகள் சுருங்கின, சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மண்ணுக்கடியில் இருந்த செல்வத்தில் பெரும்பங்கு வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1961 மே மாதம், கென்னடி அரசு சோதனை முயற்சியாகக் கொண்டுவந்த உணவுக் கூப்பன்கள் முதன்முதலில் வழங்கப்பட்டது இந்தக் கவுண்டியின் வெல்ச் என்ற ஊரில்தான். பள்ளத்தாக்குகள் மிகக் குறுகலானவை. ஓடை, அதை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டி வீடு, வீட்டின் முதுகில் மலை. 2001, 2002, 2025 என்று வெள்ளம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அங்கே இன்னும் இருப்பவர்களில் பலர் முதியவர்கள். குடியிருப்பது சொந்த வீட்டில்தான். கூரை மாற்றவும், இற்றுப்போன தரைப்பலகையைப் பெயர்த்துப் போடவும்தான் கையில் காசில்லை.

இப்படிப் பல ஊர்க்காரர்கள் கூடி வேலைசெய்யும் முகாம்களுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1920-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல், முதல் உலகப் போரில் தரைமட்டமான எஸ்ன் என்ற பிரெஞ்சு கிராமத்தில் ஒரு சிறு குழுவோடு குடிசைகள் கட்டினார். வெர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்து ஊர் அது. அதுவரை எதிரி நாட்டவராக இருந்த ஜெர்மானியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 1934-இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கிப்போட்டபோது அதே செரசோல் இந்தியாவுக்கு வந்து, இடம் பெயர்ந்த கிராமங்களை எழுப்பும் வேலையில் இறங்கினார். 1969-இல் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெத்தடிஸ்ட் போதகர் கென்டக்கியின் பார்பர்வில் ஊருக்கு இளைஞர்களும் பெரியவர்களுமாக 50 பேரைக் கூட்டிவந்து நான்கு வீடுகளைச் செப்பனிட்டார். அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட் என்று இன்று அறியப்படும் அமைப்பின் தொடக்கம் அதுதான். அதே 1969 செப்டம்பரில் இந்தியாவில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் நான் மண் சுமந்திருக்கிறேன். ஊரார் எங்களுக்குச் சோறு போட்டதும், வீடு வீடாகத் தண்ணீர் கொடுத்ததும் நினைவிருக்கிறது. நாங்கள் போட்ட பாதை பிறகு என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருவரும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மெக்டவலில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த வேலை ஒரு சாய்தளம். எண்பதை நெருங்கும் ஓர் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். திண்ணையிலிருந்து இறங்கப் படி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் பேரன் வந்து தூக்கி இறக்கவேண்டும். அவன் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தால் காத்திருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதை அவர் அதனாலேயே விட்டுவிட்டாராம்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் என்றால் ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும் என்பது அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் அளவு. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது கை தளர்ந்துவிடும், இறங்கும்போது நாற்காலி பிய்த்துக்கொண்டு ஓடும். அந்த வீட்டுத் திண்ணை தரையிலிருந்து 28 அங்குல உயரம். ஆக, சாய்தளம் 28 அடி ஓடவேண்டும். வாசலுக்கும் ஓடைக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே பாதி வழியில் ஐந்தடிக்கு ஐந்தடியில் ஒரு மேடை போட்டு, அங்கிருந்து திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூண்கள் ஏற்கெனவே நடப்பட்டு, அடியில் கான்கிரீட் இறுகியிருந்தது. முந்தின வாரக் குழு செய்த வேலை. ஒவ்வொரு தூணிலும் எந்த உயரத்தில் அறுக்கவேண்டும் என்று பென்சில் கோடு இருந்தது. மூன்றாவது தூணில் கோட்டுக்குக் கீழே, இது அரை அங்குலம் வெளியே சாய்ந்துவிட்டது, சட்டம் வைக்கும்போது ஆப்பு கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சின்ன எழுத்தில் குறிப்பு. யார் எழுதியது என்று தெரியாது. எந்த ஊர்ப் பிள்ளை என்றும் தெரியாது.

என் மகள் அந்தக் குறிப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா நடலைன்னு தெரிஞ்சும் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க, அம்மா" என்றாள். பள்ளியில் தப்பை அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இங்கே அடுத்து வரப்போகிறவருக்காகத் தப்பையே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்கச் சட்டங்கள் பொருத்துவதும் பலகை அடிப்பதும்தான். அளவு நாடாவில் 16 அங்குலத்துக்கு ஒருமுறை சிவப்பில் குறியிருப்பது எதற்கு என்பது முதல் நாளே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது: குறுக்குச் சட்டங்கள் அந்த இடைவெளியில்தான் விழவேண்டும். ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டில் நிற்கும்வரை விடக்கூடாது என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். அதிகம் பேசமாட்டார். பிள்ளை கையிலிருந்து கருவியைப் பிடுங்கித் தானே செய்துவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. அதைப் பெரிய குணம் என்று சொல்வேன்.

ஆனால் உண்மையான மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் கணவர் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். மரத்தைப் பற்றிப் பேசியே குடும்பம் நடத்தியிருப்பார்கள்போல. என் மகள் பலகையின் ஓரத்தில் திருகாணியை வைத்து முடுக்கப்போனபோது மேலிருந்து குரல் வந்தது. "முதல்ல துளை போட்டுக்கோ பிள்ளே. ஓரத்துல நேரா முடுக்கினா பிளந்துரும்." அவர் பேசிய மலைநாட்டு ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் விழுந்தது. அன்று முதல் அவர் பார்வை படாமல் ஒரு பலகையும் ஏறவில்லை. மத்தியானம் ஆனால் எங்கள் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை அவர் திறக்கவிடமாட்டார். பின்ட்டோ பயறு அவியலும் மக்காச்சோள ரொட்டியும் தயாராக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனை பேருக்கும் சமைத்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஒரு பையனை நான் கண்ணாலேயே அடக்கினேன். அந்த வீட்டில் நாங்கள் விருந்தாளிகள். முன்பின் தெரியாத பிள்ளைகள் வாசலில் ரம்பத்தை ஓட்டுவதையும், தன் சமையலறையில் தண்ணீர் குடிப்பதையும், தன் இயலாமையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதையும் பொறுத்துக்கொண்டு ஒருவர் கதவைத் திறந்துவிடுகிறார் என்றால், அந்த வாரத்தின் கடினமான வேலையைச் செய்தவர் அவர்தான். உதவி கேட்டு மனுப் போட்டு, யாரோ வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கேள்வி கேட்டுப் போகும் வரைக்கும் காத்திருந்த மாதங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் கிளம்பும்போது சாய்தளத்தில் பலகை முழுவதும் போட்டாயிற்று, கைப்பிடி இல்லை. கைப்பிடி இல்லாமல் அதில் நாற்காலியை இறக்கக்கூடாது. அதாவது, அவர் அதில் இறங்கி வருவதை நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. இருட்டும்வரை இருந்து ஒரு பக்கமாவது முடித்துவிடலாம் என்று கெஞ்சினார்கள். தச்சர் மறுத்துவிட்டார். அவசரத்தில் அடித்த கைப்பிடியை நம்பித்தான் அந்த அம்மா சாயப்போகிறார் என்றார். என் மகள் பென்சில் எடுத்து மேடையின் சட்டத்தில், எந்தப் பலகை சற்று வளைந்திருக்கிறது, எங்கே கைப்பிடித் தூணுக்கு இடம் விட்டிருக்கிறோம் என்று எழுதினாள். பெயர் எழுதவில்லை.

என் தோழியின் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வாழும் வாழ்க்கையில் எல்லாமே அவர்கள் பெயரில் தொடங்கி அவர்கள் பெயரில் முடிகிறது. பாடம், பரீட்சை, மதிப்பெண். கச்சேரி, மேடை, கைதட்டல். நாங்களே அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். ஆனால் பெரியவர்களாகி அவர்கள் செய்யப்போகிற முக்கியமான காரியங்கள் எதுவும் அப்படி இராது. முதுமையில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதோ, ஒரு பள்ளியை நடத்துவதோ, ஒரு ஊரின் தண்ணீரைக் காப்பதோ, யாரோ தொடங்கியதை ஏற்று, யாருக்கோ விட்டுப்போகும் வேலைகள். முன்னவர் விட்ட கோணலைத் திட்டாமல் ஆப்பு கொடுத்து நேராக்கவும், தன் கோணலை மறைக்காமல் எழுதிவைக்கவும் பதினைந்து வயதில் ஒருத்தி பழகினால், அது அந்த வாரத்துக்குப் போதும்.

இதற்குக் கடுமையான எதிர்வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், கோடைச் சேவைக்குப் புறப்படவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இவான் இலிச் பேசினார். கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். உங்கள் நல்லெண்ணத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்கிற அளவுக்குக் காரமான பேச்சு. பார்க்க வரலாம், கற்க வரலாம், உதவுகிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். அந்த ஊர் மொழிகூடத் தெரியாமல் அங்கே போய்ப் பணக்கார வாழ்க்கைக்கு விளம்பரமாக நிற்பதுதான் நீங்கள் செய்யும் சேவை என்றார். படிக்கும்போது எனக்குச் சுட்டது, இன்னும் சுடுகிறது. மெக்டவல் ஏழையாக இருப்பதற்குக் காரணம் அங்கே சாய்தளம் கட்ட ஆளில்லாதது அல்ல. நிலக்கரி எடுத்தவர்கள் எதை விட்டுப்போனார்கள், ஆஸ்பத்திரியும் வேலையும் ஏன் போயின என்ற கேள்விகளுக்கு எங்கள் ரசமட்டத்தில் பதில் இல்லை. மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலில் கரி நோய் இருப்பதாக 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அதைச் சுத்தியல் கொண்டு சரிசெய்ய முடியாது. சட்டமும் கண்காணிப்பும் இழப்பீடும்தான் சரிசெய்யும்.

ஆனாலும், அரசியல் சரியாகும்வரை அந்த அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. இலிச்சின் கோபத்தை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: போகுமுன் கேட்கவேண்டியதைக் கேள். எந்த வீடு என்று தேர்ந்தெடுத்தது யார், அந்த ஊர்க்காரரா வெளியூர்க்காரரா? ஆகஸ்டில் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியபின் கைப்பிடி ஆடினால் யாரைக் கூப்பிடுவது? பாதியில் நிற்கும் வேலைக்குப் பொறுப்பு யார்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாத முகாமுக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டேன், சபையின் பெயரில் நடந்தாலும் சரி. ஊரில் ஆண்டு முழுதும் இருந்து கவனிப்பவர்கள் இருக்கும் இடத்தில்தான் ஒரு வாரம் வந்துபோகிறவர்களின் வேலைக்கு மதிப்பு.

பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே என்பதற்கும் ஒன்று சொல்லவேண்டும். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் எங்கள் சபையில் மெக்டவல் என்ற பெயரில் காணிக்கை சேரத் தொடங்கியதே பிள்ளைகள் போய்வந்த பிறகுதான். அங்கே வெள்ளம் என்றால் இப்போது எங்கள் வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கிறது. போகாமலே அந்த அக்கறை வந்திருக்கவேண்டும்தான்.

இங்கே நம் பெற்றோர்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது, இதற்கு எத்தனை மணிநேரச் சேவைச் சான்றிதழ் தருவார்கள் என்பதைப் பற்றி. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லூரி விண்ணப்பம் என்ற கவலை எங்கள் வீட்டிலும் உண்டு. 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும். இதை எழுதலாமா என்று மகள் கேட்டாள். எழுது, ஆனால் 28 அங்குலத்தைப் பற்றி எழுது, துளை போடச் சொன்னவரைப் பற்றி எழுது, மூன்றாவது தூணைப் பற்றி எழுது. ஏழைகளைப் பார்த்து உன் மனம் எப்படி இளகியது என்று ஒரு வரிகூட வேண்டாம் என்றேன். அந்த அம்மா அதைப் படித்தால் முகம் சுளிக்காதபடி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. அடுத்த ஜூலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அதற்குள் கதவு மாட்டக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று அந்தத் தச்சர் வீட்டுக் கொட்டகைக்குச் சனிக்கிழமைகளில் போய்வருகிறாள். வெள்ளத்துக்குப் பின் நிலைச்சட்டம் ஊறிப்போய்ச் சாத்த முடியாத கதவுகள் அந்தப் பள்ளத்தாக்கில் நிறைய இருக்கின்றன.