மண்ணுக்குக் காது

செப்டெம்பர். கோதுமை அறுத்து முடிந்து அடித்தாள் மட்டும் நிற்கிற வயல். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கார் ஓட்டம். வயலுக்குச் சொந்தக்காரியான மூதாட்டி கைப்பட எழுதித் தந்த அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. காலைப் புகார் இன்னும் கலையவில்லை. நான் ஓய்வு பெற்றதற்காக மகள் வாங்கித் தந்த மெட்டல் டிடெக்டரை இன்றுதான் முதன்முதலாக வயலில் இயக்குகிறேன்.

ஹெட்ஃபோனை மாட்டியதும் திடுக்கிட்டேன். வெளியே அவ்வளவு அமைதி; காதுக்குள்ளே சந்தை இரைச்சல். கட்டை உறுமல், கீச்சு, நடுவில் அறுந்துபோகிற விக்கல். எதைத் தோண்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தோண்டினேன். மதியத்துக்குள் பதினேழு குழிகள். ஆணிகள், பாதி லாடம், வேட்டைத் தோட்டாக்களின் பித்தளை அடி, பியர்ப் பேணிகளின் திறப்பு வளையங்கள். காசு ஒன்றுகூட இல்லை. பதினேழையும் மூடி, மிதித்துச் சமன்படுத்திவிட்டு வீடு வந்தேன்.

*

வீட்டின் பின்புறத்தில் ஒரு பள்ளிக்கூடம் அமைத்தேன். அரைச் சாண் ஆழத்தில், இடைவெளி விட்டு ஐந்து பொருள்களைப் புதைத்தேன். ஓர் இரும்பாணி. ஒரு பேணி வளையம். விக்டோரியா காலத்து வெண்கலப் பென்னி. பழைய வெள்ளி ஆறு பென்ஸ். ஐந்தாவது, நான் நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று அம்மா கையில் வைத்த இலங்கைச் சதுர ஐந்து சதம். 1945 என்று பொறித்தது. அம்மம்மாவின் சேமிப்பிலிருந்து வந்த காசு.

இந்தக் கருவி காசைப் பார்ப்பதில்லை. அடியில் இருக்கிற வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று, மாறிக்கொண்டே இருக்கிற காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் எழும்புகிறது. அந்த மின்னோட்டத்தின் மிக மெல்லிய எதிர்ப்புலத்தை மற்றச் சுருள் வாங்குகிறது. அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கொண்டு திரையில் ஓர் எண் விழுகிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற வெள்ளிக்குப் பெரிய எண், மெல்லிய ஈயத்தாளுக்குச் சிறிய எண். ஆனால் தங்க மோதிரமும் பேணி வளையமும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நிற்கும். வளையங்களைத் தோண்டச் சலிக்கிறவருக்கு மோதிரம் கிடைக்காது.

இரண்டு கிழமை திரையைத் துணியால் மூடிவைத்துப் பழகினேன். எண் கண்ணுக்குத் தெரிந்தால் காது வேலை செய்ய மறுக்கிறது. பென்னியின் மேல் இப்படிப் போனாலும் குறுக்கே திரும்பிப் போனாலும் சத்தம் ஒன்றே. வட்டமாக, முழுதாக வரும். ஆணி அப்படியில்லை. நெடுக்காகப் போகும்போது இனிமையாக அழைத்துவிட்டு, குறுக்கே வந்தால் உடைந்து போகும். ஆணியையும் ஆறு பென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆணி உறுமியது, வெள்ளி வாயே திறக்கவில்லை. இரும்பின் நிழலுக்குள் இப்படி எத்தனையோ காசுகள் பேசாமல் கிடக்கும்.

கையையும் பழக்க வேண்டியிருந்தது. வீச்சின் இரு முனையிலும் தட்டு என்னையறியாமல் மேலே எழும்பியது. அந்த இரண்டு விரற்கடை உயரத்திலேயே ஆழத்துக் காசு தவறிப்போகும். அப்போது ஊர் வீட்டுத் திண்ணையை அம்மா சாணத்தால் மெழுகுவது ஞாபகம் வந்தது. முந்திய இழுப்பின் மேல் பாதி ஏறித்தான் அடுத்த இழுப்பு வரும். கை தரையை விட்டு எழும்பாது. அந்த வீச்சைப் பிடித்துக்கொண்டேன்.

*

என் தங்கையின் மகள் இலங்கையின் வடக்கே, எங்கள் ஊரான முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறாள். அவளைப் போன்ற பெண்கள் பலர் அந்தக் களங்களில் இருக்கிறார்கள். யுத்தத்தின் முன்னரங்காக இருந்த நிலம். உலகத்திலேயே மிதிவெடி மிக அடர்த்தியாக விதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அவளும் நாள் முழுவதும் இப்படியொரு தட்டை மண்ணுக்கு மேலே அசைத்துச் சத்தம் கேட்கிறவள்தான்.

வீடியோ அழைப்பில் என் குழிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள்.

"மாமா, நேரே மேலையிருந்து தோண்டுறியள். அப்பிடிச் செய்யாதேங்கோ. பக்கத்தாலை வாங்கோ."

"ஏன் பிள்ளை, இது காசுதானே?"

"காசெண்டாலும் மண்வெட்டி படும். தள்ளி வெட்டி, பக்கத்தாலை கிட்டப் போங்கோ. கடைசி மண்ணைக் கையாலை எடுங்கோ. உங்களுக்குச் சத்தம் வந்தால் சந்தோசம். எங்களுக்குச் சத்தம் வந்தால் முதலிலை மூச்சை விட்டிட்டு முழங்காலிலை இருக்கச் சொல்லித் தந்தவை."

சில மிதிவெடிகளுக்குள் உலோகம் மிகமிகக் குறைவு என்றாள். அங்கே சத்தத்தை நம்ப முடியாது. முள்வாரி போன்ற கருவியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, வெட்டு முகத்தில் கண்ணால் தேட வேண்டும். சன்னங்களும் எறிகணைத் துண்டுகளும் நிறைந்த மண்ணிலும் அப்படித்தான். எல்லாமே கத்தினால் ஒன்றும் கேளாது. ஒரு நாளில் சில சதுர மீற்றர்தான் நகர முடியும். நான் ஒரு காலையில் ஏக்கர் கணக்கில் நடந்தவன். அன்றிலிருந்து தள்ளி வெட்டிப் பக்கத்தால் போகிறேன்.

*

எங்கள் இருவர் கையிலும் இருக்கிற இந்தக் கருவிக்கும் ஒரு கதை உண்டு. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவி செய்தார். கட்டில் மெத்தையின் உலோகச் சுருள்கள் குழப்பின. குண்டு அகப்படவில்லை, சனாதிபதி இறந்துபோனார்.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது யோசெஃப் கொசாத்ஸ்கியை. போலந்துப் படை அதிகாரி. நாடு பிடிபட்டபின் ஸ்கொட்லாந்தில் ஒதுங்கியிருந்தபோது, ஓர் ஆள் கையில் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி காட்டியை 1941இல் வடிவமைத்தார். 1942இல் எல் அலமெய்ன் பாலைவனப் போரில் அது கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறந்தது. அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பிரித்தானியப் படைக்கு அப்படியே கொடுத்துவிட்டார். ஊரிழந்த ஒரு மனிதன் செய்த கருவியின் வழிவந்ததைத்தான் என் மருமகளும் பிடித்திருக்கிறாள், நானும் பிடித்திருக்கிறேன்.

*

ஒக்டோபர் கடைசி. உழுத வயல், இரவு மழை. வேலியோரத்தில் ஒரு சத்தம்: மிகச் சின்னது, ஆனால் உடையவில்லை. திரும்பிப் போனேன், அதே சத்தம். ஒரு சாண் தள்ளி வெட்டினேன். பக்கத்தால் போனேன். கடைசி மண்ணை விரலால் பிதிர்த்தபோது உள்ளங்கையில் ஓர் அரைவட்டம், நகத்தைவிடச் சற்றே பெரியது, கடதாசி மாதிரி மெல்லியது. மூன்றாம் ஹென்றி காலத்து நெடுஞ்சிலுவைப் பென்னியின் பாதி.

1247இல் வந்த அந்தக் காசின் பின்புறத்தில் சிலுவை விளிம்பு வரை நீண்டிருக்கும். அரைப் பென்னி வேண்டியவர் சிலுவைக் கோட்டிலேயே இரண்டாக வெட்டுவார். கால் வேண்டுமென்றால் நாலாக. 1279இல் முதலாம் எட்வேர்ட் காசைச் சீர்திருத்தி வட்டமான சிறு காசுகள் புழக்கத்துக்கு வரும்வரை சில்லறை என்றால் இந்தத் துண்டுகள்தான். நான் இருபத்தாறு வருடம் பெற்றோல் நிலையக் கல்லாவில் சில்லறை எண்ணியவன். எந்தக் காசு எவ்வளவு பாரம் என்று என் விரலுக்குத் தெரியும். எழுநூறு வருடத்துக்கு மேற்பட்ட மிச்சக்காசு ஒன்று அதே விரலில் இருந்தபோது, குளிரில் நெடுநேரம் எழும்பாமல் மண்டியிட்டிருந்தேன்.

யாரோ வயலில் தவறவிட்டது. அதைத் தேடியிருப்பார். அரைப் பென்னி அவருக்குச் சின்னக் காசில்லை.

கிடைத்த இடத்தைக் குறித்து, அந்தப் பகுதியின் கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 1997இலிருந்து நடக்கிற பதிவுத் திட்டம். பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. தனிக்காசு என்பதால் சட்டப்படி புதையல் அல்ல. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசு இரண்டு ஓரிடத்தில் கிடைத்தாலே இங்கே புதையல். பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இடம் தெரியாத காசு பாதி ஊமை.

*

சஃபோக் பகுதி ஹொக்ஸன் கிராமத்தில் 1992 நவம்பரில் ஒரு கமக்காரர் சுத்தியலைத் தொலைத்தார். தேடித் தரும்படி டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லோஸைக் கேட்டார். சுத்தியலுக்கு முன் காசுகள் வந்தன. லோஸ் கொஞ்சம் எடுத்துப் பார்த்ததோடு கையை நிறுத்தி அறிவித்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, உக்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எதன் மேல் வைக்கப்பட்டிருந்தது என்ற ஒழுங்கு கலையாமல் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 உரோமக் காசுகள். பொன் வளையல்கள். நம் தென்னாட்டுக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகுக்கென்றே செய்த வெள்ளி மிளகுச் சிமிழ்கள் நான்கு. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதுவும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லோரும் காசின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் ஒழுங்குதான் கண்ணில் நிற்கிறது. துணி சுற்றி, வைக்கோல் வைத்து, பூட்டுப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். 407ஆம் ஆண்டுக்குப் பிறகு, உரோம ஆட்சி இந்தத் தீவில் குலைந்த நாட்களில், ஒரு குடும்பம் திரும்பி வருவோம் என்று நம்பித்தான் அவ்வளவு கவனமாகப் புதைத்திருக்கிறது. புதையல் என்கிறோம். திரும்பி வர முடியாமல் போனவர்களின் பெட்டி அது.

*

2000ஆம் ஆண்டு சித்திரையில் எறிகணை விழத் தொடங்கியபோது, அம்மா ஒரு பால்மாப் பேணிக்குள் இரண்டு காப்புகளையும் அம்மம்மாவின் மீதிக் காசுகளையும் துணியில் முடிந்து வைத்து, முகமாலை வளவில் புதைத்துவிட்டு வெளிக்கிட்டார். கிணற்றிலிருந்து தெற்கே பத்துக் கவடு. எண்பத்துநாலு வயதில் இப்போதும் அதையே சொல்கிறார். கவடு அவருடைய காலின் கவடு என்பதையும் சொல்கிறார். என் கருவியை அங்கே கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. அங்கே முதலில் எடுக்க வேண்டியது வேறு.

பின்வளவில் புதைத்த நாலு பொருள்களையும் கிளறி எடுத்துவிட்டேன். சதுர ஐந்து சதத்தை மட்டும் விட்டிருக்கிறேன். வயலுக்குப் புறப்படுமுன் தட்டை ஒருமுறை அதன் மேல் கொண்டுபோவேன். இரு பக்கமும் ஒரே சத்தம்.

மருமகளின் அணி இந்த மாதம் எங்கள் வளவிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி வேலை செய்கிறது.