ஆசைகளைப் பட்டியல் போடலாமா?

போகிக்கு முந்தைய நாள். பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய டைரி அகப்பட்டது. என் நாற்பதாவது பிறந்தநாளன்று நானே எழுதியது. முதல் பக்கத்தில் தலைப்பு: 'இந்த ஜென்மத்துக்குள் முடிக்க வேண்டியவை.'

மொத்தம் 12 வரிகள். சொந்த வீடு, பெண்ணின் கல்யாணம், பிள்ளைக்கு நல்ல வேலை, நாராயணீயம் நூறு தசகமும் மனப்பாடம், பாதியில் விட்ட வீணை... இப்படிப் போய், கடைசியில் கொட்டை எழுத்தில் '108 திவ்யதேச யாத்திரை'. அடுத்த பக்கங்களில் வரிசையாக க்ஷேத்திரங்களின் பெயர்கள். சேவித்து வந்தவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு டிக்.

புரட்டிக்கொண்டே வந்தவள், 'திருநீர்மலை' என்ற பெயருக்கு எதிரே இருந்த டிக்கைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டிக்கின் கதை

சென்னை பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருப்பது திருநீர்மலை. இங்கே பெருமாளுக்கு நான்கு திருக்கோலங்கள். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணனாக நின்ற திருக்கோலம். மலைமேல் ரங்கநாதனாகக் கிடந்த திருக்கோலம், நரசிம்மனாக இருந்த திருக்கோலம், உலகளந்த பெருமாளாக நடந்த திருக்கோலம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்துவிட்டுத்தான் போனார் என்கிறது தலவரலாறு.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். 'பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்று வருஷக் கணக்கில் தள்ளிப் போட்டேன். பத்ரிநாத்துக்குக்கூட போய் வந்துவிட்டேன். அம்மாதான் ஒவ்வொரு தடவை வரும்போதும், "என்னை ஒரு தரம் திருநீர்மலைக்கு அழைச்சுண்டு போடி" என்பாள்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை வாடகைக் கார் பிடித்தோம். திருநீர்மலை, திருநின்றவூர், திருவள்ளூர் என்று ஒரே நாளில் மூன்று திவ்யதேசம் என்பது என் திட்டம். மத்தியானம் நடை சாத்துவதற்குள் மூன்றையும் சேவித்தாக வேண்டும். அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் மிகவும் மோசமாகியிருந்தது. நீர்வண்ணனைச் சேவித்தவள், மலைப்படிகளை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு நின்ற பெருமாளே போதும். நீ மேலே போய் மத்த மூணு பேரையும் சேவிச்சுட்டு வா. நிதானமா வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

நான் விறுவிறுவென்று ஏறினேன். விறுவிறுவென்று இறங்கினேன். கண்ணெல்லாம் கைக்கடிகாரத்தில்! கீழே வந்ததும் அம்மா ஆவலோடு கேட்டாள்: "கிடந்த பெருமாள் எப்படிடி இருக்கார்? நன்னா சேவிச்சியா? என்ன சாத்தியிருந்தா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தேன், ஆனால் மனசில் எதுவுமே பதியவில்லை. "நன்னா இருந்தார்மா, நேரமாச்சு, கிளம்பு" என்றேன். அன்று ராத்திரி டைரியில் மூன்று டிக் விழுந்தது.

அடுத்த வருஷம் அம்மா பரமபதித்துவிட்டாள்.

ஆசைப்படுவது தவறா?

அந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். இப்படிப் பட்டியல் போட்டதே தவறோ? 'ஆசையை விடு' என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்?

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிறோம். அர்ச்சகர் கோத்திரம், நட்சத்திரம், பெயர் கேட்கிறார். பிறகு சங்கல்பத்தில் என்ன சொல்கிறார்? சகுடும்பமாக க்ஷேமம், ஸ்தைர்யம், வீர்யம், விஜயம், ஆயுள், ஆரோக்யம், ஐஸ்வர்யம் என்று வரிசையாக அடுக்குகிறார். அதுவும் ஒரு பட்டியல்தானே! நம் சாஸ்திரம் ஆசையே கூடாது என்று வாயை அடைக்கவில்லை. 'உனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு ஆரம்பி' என்கிறது.

ஒன்று கேட்கிறேன், அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், பேரன் பேத்தி பெயர் எல்லாம் சொல்லும் நம்மில் எத்தனை பேர் நம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறோம்? நமக்கென்று நாலு நல்ல ஆசைகள் இருப்பது சுயநலம் அல்ல. வீணை கற்றுக்கொள்ளவும், யாத்திரை போகவும் நமக்கும் மனசு உண்டு. அதை எழுதி வைப்பதில் பாவம் ஒன்றுமில்லை.

ஆனால் சங்கல்பத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன இடம் என்று சொல்லித்தான் தொடங்குகிறோம். அதாவது, 'இன்று இங்கே இருக்கிறேன்' என்று மனசுக்கு ஞாபகப்படுத்திக்கொள்கிறோம். இன்னொன்று, பூஜை முடிந்ததும் ஒரு உத்தரணி தீர்த்தம் விட்டு, பலனையெல்லாம் பகவானுக்கே சமர்ப்பணம் செய்துவிடுகிறோம். நான் என் பட்டியலில் ஆசையை மட்டும் எழுதினேன். இந்த இரண்டையும் விட்டுவிட்டேன்.

எட்டாத கயிலாயம்

அப்பர் பெருமானுக்கும் ஓர் ஆசை இருந்தது. கயிலாயத்தில் ஈசனைத் தரிசிக்க வேண்டும் என்று அந்தத் தள்ளாத வயதில் வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது; கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். பிறகு உருண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன், "இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போங்கள்" என்றார். அப்பர் மறுத்துவிட்டார். கடைசியில் அங்கே ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னார் இறைவன். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில்! எதிரே ஆணும் பெண்ணுமாக வந்த யானையும் கோழியும் குயிலும் அவருக்குச் சிவசக்தியாகத் தெரிந்தன. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் இந்தக் கயிலைக் காட்சி விழாவாக நடக்கிறது.

பட்டியல் கணக்குப்படி பார்த்தால், அப்பர் கயிலாயம் போகவே இல்லை. டிக் போட முடியாது. ஆனால் அவர் காணாமல் போனது ஏதாவது உண்டா? மலைமேல் ஏறியும் பெருமாளைக் காணாமல் இறங்கி வந்தவள் நான். கீழே உட்கார்ந்தபடியே மேலே இருப்பவரைப் பற்றி ஆவலாகக் கேட்டவள் அம்மா. அன்று உண்மையில் சேவித்தது யார்?

108 திவ்யதேசம் என்கிறோமே, சோழ நாட்டில் 40, பாண்டிய நாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, தொண்டை நாட்டில் 22, வடநாட்டில் 11. கூட்டினால் 106தான் வரும். மீதி இரண்டான திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகக்கூடிய இடங்கள் அல்ல. அந்தப் பட்டியலையே முழுவதும் முடிக்க முடியாதபடிதான் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை அவன் கையில் விட்டுவிடு என்பதைத்தான் அது சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்களும் எழுதுங்கள்

பட்டியல் எழுதாதவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றியபின் உட்கார்ந்து எழுதுங்கள். உங்களுக்கென்று ஒரு வரியாவது அதில் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பதையும், வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்படுவதையும் முதலில் வையுங்கள். தூரத்துக் கோயில் அடுத்த வருஷமும் இருக்கும். அம்மாவின் முழங்கால் காத்திருக்காது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். போய் வந்தபின் வெறும் டிக் வேண்டாம். பார்த்ததை இரண்டு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால், இன்னொரு தரம் போக வேண்டும் என்று அர்த்தம்.

தை பிறந்த மறு வாரமே நான் திருநீர்மலைக்குப் போனேன். ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கிடந்த பெருமாள் முன் நெடுநேரம் நின்றேன். திருமுகத்திலிருந்து திருவடிவரை பார்த்தேன். என்ன மாலை சாத்தியிருக்கிறது, என்ன வஸ்திரம் என்றெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வாங்கிக்கொண்டேன். இறங்கி வந்து, அன்று அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அவ்வளவையும் அவளிடம் மனசுக்குள் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து டைரியில் அந்தச் சிவப்பு டிக்குக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். பட்டியலில் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. இருக்கட்டும்!