கதைத் தலைவனும் கைப்பிடித்தவனும்

குத்தாலம் கடைத்தெருவில் முன்னொரு காலத்தில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. இன்று அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின், சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்கள் மிதிவண்டியில் துணிப்பையோடு அங்கு வந்து சேருவார்கள். பைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாவல்களும், நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். சீட்டை எழுதியவர்கள், கடைத்தெருப் பக்கம் வரும் வழக்கமில்லாத நம் வீட்டுப் பெண்கள். அப்படிப் பை சுமந்த சிறுவர்களுள் நாமும் ஒருவர். நம் பெரியம்மாவின் மகள், நாம் ராத்தா என்று அழைத்தவர், எழுதியனுப்பிய சீட்டு ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. "போன தடவை மாதிரி வேண்டாம். அதில் நல்லவன் செத்துப் போகிறான்" என்பதே அதன் வாசகம்.

போன தடவை நாம் கொண்டுபோய்க் கொடுத்தது நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்.'

கதைப் புத்தகம் பெண்களைக் கெடுக்கும் என்று அன்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நாம் ஏற்றுக்கொண்டதில்லை. எனினும் அவர்கள் எழுப்பியது வெறும் வீண்பேச்சு என்றும் தள்ளிவிட முடியவில்லை. காதல் கதைகளில் வருகின்ற நாயகர் பல வகையினர். அவர்களுள் எவன்பால் ஒருவருடைய நெஞ்சம் சாய்கிறது என்பது வெறும் சுவை பற்றிய செய்திதானா? அல்லது அதற்கு அறத்தின் முன் நின்று பதில் சொல்லவேண்டிய கடமை உண்டா? தீயவனைக் கதையில் விரும்புகின்றவர் தீமையை விரும்புகின்றவரா? இவ்வினாவைச் சற்றே நின்று பார்க்கலாம்.

இதைப் பேசுவதற்கு நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. குத்தாலத்துக்கு அருகேயுள்ள தேரழுந்தூர் கம்பன் பிறந்த ஊர். மணத்துக்கு முன்பே மிதிலையில் தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் நோக்கும்படி செய்தவன் அவன். வான்மீகத்தில் அது இல்லை. அவதார புருடனேயாயினும் முதலில் காதலனாக வேண்டும் என்று இந்த மண்ணின் கவிஞனுக்குத் தோன்றியிருக்கிறது. அதே நாயகன் மறைந்து நின்று வாலிமேல் அம்பெய்ததைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்து எழுதியவர் நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயீல். நாயகனை நேசிப்பதும் அவனை விசாரணைக்கு உட்படுத்துவதும் ஒருங்கே இயலும் என்பதை அவரிடம் கண்டோம்.

இன்னும் சற்றுக் கிழக்கே போனால் மாயூரம். 1982இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறிய அவ்வூரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப்படுவது. அதன் நாயகன் எப்படிப்பட்டவன்? செல்லமாக வளர்ந்த செல்வப் பிள்ளை, வெகுளி. விக்கிரமபுரியில் அவன் சிறைப்பட்டுக் கிடக்க, ஆண்வேடம் பூண்ட மனைவி ஞானாம்பாள் அந்நாட்டுக்கே அரசாக இருந்து அவனை மீட்கிறாள்! தமிழ் நாவல் பிறந்தபோது நாயகன் காப்பாற்றுகிறவனாகப் பிறக்கவில்லை, காப்பாற்றப்படுகிறவனாகவே பிறந்தான். பின்வந்த எழுத்தாளர்கள் இதனை விரைவில் மறந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கையிலிருந்து சித்தி லெவ்வை எழுதிய 'அசன்பே சரித்திர'த்தின் நாயகனோ கல்வியாலும் துணிவாலும் உயர்கின்றவன். 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் வெளியிட்ட நாவலுக்குப் பெயரே 'காதலா? கடமையா?' அந்தக் கேள்விக்குறிகள் இரண்டும் அதன்பின் வந்த நாயகர்களை இரு கூறாகப் பிரித்துவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கடமை நாயகர்களுள் முதல்வன் 'குறிஞ்சி மலர்' அரவிந்தன். அவன் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிய பெற்றோர் பலர். பூரணி என்று பெண்களுக்குப் பெயரிட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த இலட்சியவாதி பூரணியை மணந்து ஒரு நாள்கூட வாழவில்லை. அதற்கு முன்பே மறைந்துவிடுகிறான். நமக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. மாசற்ற நாயகனை எழுத்தாளர்கள் ஏன் இளமையிலேயே சாகடித்துவிடுகிறார்கள்? அரிசிக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கின்ற வீட்டில், பிள்ளை இரவெல்லாம் அழுகின்ற வீட்டில், அவன் அப்படியே இருப்பானா என்ற சோதனைக்கு அவனை உட்படுத்த அவர்களுக்கே மனமில்லை போலும். ராத்தாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. செத்துப் போகிறவன் எதற்கு என்று கேட்டார், அவ்வளவுதான்.

அவர் விரும்பியது வேறொரு வகையை. ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்கள் பெருகிய காலம் அது. ரமணிசந்திரனின் கதைகளுக்கு நூல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவருடைய பல கதைகளில் நாயகன் உயரமானவன், செல்வன், தொழில் நிறுவனம் நடத்துகின்றவன். நாயகியைப் பணத்தாசை பிடித்தவள் என்று தவறாக எண்ணிச் சுடுசொல் வீசுவான். இறுதியில் உண்மை விளங்கும். உள்ளே காதல் இருந்ததும் விளங்கும். இந்தச் செருக்கனின் முன்னோர் ஆங்கிலத்தில் இருக்கிறார்கள். 1813இல் ஜேன் ஆஸ்டின் படைத்த டார்சியும், 1847இல் சார்லட் பிராண்டி படைத்த ராச்செஸ்டரும் அந்தக் குலத்து மூத்தோர்.

ஆயினும் மூலத்துக்கும் வழித்தோன்றலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. டார்சி இழிவுபடுத்தும் சொற்களோடு மணம் பேச வரும்போது எலிசபெத் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறாள். அவன் தன்னைத் திருத்திக்கொண்ட பின்னரே அவள் இசைகிறாள். ராச்செஸ்டர் கண்ணும் கையும் இழந்த பிறகுதான் ஜேன் அவனிடம் திரும்பி வருகிறாள். செருக்குக்கு அங்கே விலை உண்டு. நம் மாத நாவல்கள் பலவற்றில் செருக்கு மட்டும் வந்து சேர்ந்தது, விலை வரவில்லை. சுடுசொல்லே அன்பின் அடையாளம் என்று நம்பவைக்கும் இடத்தில்தான் பெரியவர்களின் அச்சத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது என்போம். ஏனெனில் வாழ்க்கையில் சுடுசொல் பெரும்பாலும் சுடுசொல்லாகவே முடிகிறது. அதன் கடைசி அத்தியாயத்தில் யாரும் ரோஜாப்பூவோடு வந்து நிற்பதில்லை.

பதினாறு வயதில் நமக்கு இருந்த அறிவுச் செருக்கோடு ஒருநாள் ராத்தாவிடம் கேட்டோம்: "இப்படி எடுத்தெறிந்து பேசுகிறவனை எப்படிப் பிடிக்கிறது?"

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "பேசட்டும் தம்பி. பேசுறதுக்காவது எதிர்ல நிக்கிறான்ல."

அவருடைய கணவர் சபரில் இருந்தார். திருமணமாகி நாற்பதாவது நாள் புறப்பட்டுப் போனவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். கடிதம் மாதம் ஒன்று. ஸலாமில் தொடங்கி, அனுப்பிய டிராஃப்ட்டின் தொகை, கடையில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது, அத்தாவின் இருமலுக்கு என்ன வைத்தியம் என்று முடியும். காதல் என்ற சொல் அவற்றில் ஒருமுறைகூட வந்ததில்லை என்பதை, அவற்றை மாமிக்குப் படித்துக்காட்டியவர் என்ற முறையில் நாம் உறுதியாகச் சொல்வோம். ராத்தா எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குவார். நாயகன் முடிவில் அங்கே இருக்கிறானா என்று பார்த்துக்கொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருவார்.

அன்று முதல் இந்த வினா நமக்கு வேறு வடிவம் கொண்டது. படிப்பவர் நாயகனிடம் தேடுவது அவனுடைய குணத்தைத்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பல வேளைகளில் தேடப்படுவது, தம் வாழ்வில் காலியாகக் கிடக்கின்ற ஓரிடத்துக்குப் பொருந்துகின்ற உருவமே. செருக்கன் பிடித்துப்போவது செருக்கினாலன்று. அத்தனை வலியவனும் ஒரு பெண்ணின் சொல்லுக்கு மனம் கலங்குகிறானே என்பதனால். வலியார்முன் சொல்லற்று நிற்கும்படி வளர்க்கப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலைப் பாவம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பெயர் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் தொடராக வந்தது. நூலின் பெயருக்குரியவன் அருள்மொழிவர்மன். கைக்கு வந்த மணிமுடியை விட்டுக்கொடுக்கும் உத்தமன். ஆனால் வாசகரின் உள்ளத்தில் குதிரையேறிப் புகுந்துவிட்டவனோ வந்தியத்தேவன்! நாடிழந்தவன், வாய்த்துடுக்கு மிக்கவன், அவசரத்தால் அடிக்கடி மாட்டிக்கொள்கிறவன். 2022இலும் 2023இலும் அந்தக் கதை திரைக்கு வந்தபோதும் மக்கள் அவனோடுதான் சிரித்தார்கள். என்றாலும் நாம் அறிந்த அளவில் அருள்மொழி என்று பெயரிட்டவர்கள் பலர். வந்தியத்தேவன் என்று பெயரிட்டவர் ஒருவரையும் கண்டதில்லை. மகனாக ஒருவனையும், மனத்தோடு உலாவ வேறொருவனையும் வைத்துக்கொள்கிறோம். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. கதையில் விரும்புவது வேறு, வீட்டில் வேண்டுவது வேறு என்று நெஞ்சம் தானாகவே அறிந்திருக்கிறது.

அறியாமற்போவதும் உண்டு. அதனையும் கல்கியே எழுதியிருக்கிறார். 'அலை ஓசை'யில் சௌந்தரராகவன் பெண் பார்க்க வருவது லலிதாவை. கண்டு மயங்கி மணப்பது சீதாவை. மாத நாவலாக இருந்தால் அங்கேயே முற்றும் போட்டுவிடலாம். கல்கி போடவில்லை. தில்லியில் அந்த இல்லறம் கசந்து, அவன் மனம் தாரிணியை நாடி, சீதா படும் பாட்டை ஏடு ஏடாக எழுதிக்கொண்டு போகிறார். காதல் நாயகனைத் திருமணத்துக்கு அப்பாலும் பின்தொடர்ந்து சென்ற துணிவு அது. ராத்தாவுக்கு அந்த நூலை நாம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை.

கும்பகோணத்து வீதிகளில் தி. ஜானகிராமன் நடக்கவிட்ட 'மோகமுள்' பாபுவைப் பற்றியும் ஒரு சொல். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை மனத்தில் வைத்துக்கொண்டு, துணியவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் தவிக்கின்ற பிள்ளை. ஆண்கள் அவனைப் படித்துவிட்டு மௌனமாகிறார்கள். பெண்களுள் பலருக்கு அவன்மேல் பொறுமையில்லை. நம்மைப்போலவே இருக்கின்ற நாயகனை நமக்குப் பிடிக்கிறது. நம்மோடு வாழ்கிறவரைப் போலவே இருக்கின்ற நாயகனை அவர்களுக்குப் பிடிப்பதில்லை என்று இதனைப் புரிந்துகொண்டோம். தவறாகவும் இருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ராத்தாவின் கணவர் சபரை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். முழங்கால் வலி, சர்க்கரை, இரண்டு கோடாலித் தைலப் பெட்டிகள். நாம் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தோம். ஒரு விடுமுறையில் குத்தாலம் கடைத்தெருவில் நடந்துபோகையில், நூல் நிலையத்தின் வாசலில் அவர் நிற்கக் கண்டோம். மிதிவண்டியின் கைப்பிடியில் அதே துணிப்பை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துண்டுச் சீட்டைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் பெயர் அவருக்குப் படிக்க வரவில்லை. கடைக்காரரிடம், "முடிவு நல்லா இருக்கிற கதையா ரெண்டு குடுங்க" என்று கேட்டார். நாம் அருகே சென்று ஸலாம் சொன்னபோது சற்றே வெட்கப்பட்டு, சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.