ஆறு விட்டுப்போன துறைகள்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று மூன்று ஊர்கள். இன்று மூன்றும் கிராமங்கள். தத்தம் காலத்தில் மூன்றும் கப்பல்கள் தேடிவந்த துறைகள். மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக ஒவ்வொரு ஊரும் முந்தையதைவிட இளையது, கடலுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது. ஆறு வண்டலைக் கொட்டிக் கரையை நீட்ட, துறையும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

*

கொற்கையில் நின்றால் கடல் தெரியாது. அது ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கண்ணுக்குப் படுவதெல்லாம் வாழை, நெல், பெரிய குளம், வெற்றிவேலம்மன் கோயில், முதிர்ந்த வன்னி மரம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு இந்த ஊரைச் சொல்கிறது: பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டது, முத்துக் குளிக்குமிடம், குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். கொற்கை முத்தின் புகழைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கடைசிச் செய்தியைத் தாண்டிப் போவது கடினம். மூச்சை அடக்கி இறங்கியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

*

1881இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் கொற்கை மண்ணைத் தோண்டிப் பார்த்த விவரம் இருக்கிறது. மேலே வண்டல், அதற்கடியில் கடற்சிப்பிகள் கலந்த படிவு. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது.

இந்த மண்ணில் கிடைக்கும் பொருள்களில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது அறுத்த சங்கின் துண்டு. வளையலுக்கு வேண்டிய வட்டத்தை எடுத்துக்கொண்டு ஒதுக்கிப்போட்ட மிச்சம். வெளிப்புறம் சொரசொரப்பு, உட்புறம் வழவழப்பு, வெட்டுப்பட்ட முகத்தில் வாள் போய்வந்த மெல்லிய கோடுகள். மன்னர்களைப் பற்றிப் பாடல்கள் இருக்கின்றன. அந்தப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தவருக்கு இந்தக் கோடுகள்தான் சாட்சி.

*

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் பெருநகரம். ஓர்முசு, ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே நின்றன. அந்தக் காயல் இன்றைய பழையகாயல் என்று கருதப்படுகிறது. இப்போது அங்கே உப்பளங்கள் இருக்கின்றன; அணு உலை எரிபொருளுக்கு வேண்டிய சிர்க்கோனியம் தயாரிக்கும் அரசு ஆலையும் இருக்கிறது. குதிரைகள் இறங்கிய மண்ணில் இப்போது பாத்தி மிதிக்கிறார்கள்.

அடுத்தது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், அவர்களோடு மறையேற்ற பரதவரும் கூடிய ஊர். போர்த்துக்கீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் இங்கே தங்கித் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். புன்னைக்காயலில் இன்றும் வள்ளங்கள் போகின்றன, வலைகள் காய்கின்றன. மூன்றில் கடலை இழக்காத ஊர் இது ஒன்றுதான்.

*

இவற்றுக்குப் பின் எழுந்த துறையான தூத்துக்குடி ஆற்றை நம்பவில்லை. பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் வெளியே நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. பின்னர் கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகம் ஆனது. துறை இப்போது நகராது. நகரவிடாமல் கல்லடுக்கி நிறுத்திவிட்டோம்.

முத்துதான் நிற்கவில்லை. 1961க்குப் பிறகு இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடிப் பார்களில் சிப்பி விளைவது குறைந்துபோனது. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் இறங்குகிறார்கள்.

*

2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை 17,50,176. அதில் இந்த மூன்று ஊர்களின் பங்கு சொற்பம். "அப்பேர்ப்பட்ட ஊர் இப்படி ஆகிவிட்டதே" என்று வருந்திச் சொல்பவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் எனக்குச் சம்மதமில்லை. கடல் விலகிய இடத்தில் நல்ல தண்ணீர் வந்தது. நெய்தல் மருதமானது. கொற்கையில் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவர் எந்த வீழ்ச்சியின் மிச்சமும் அல்லர். அவர் அந்த நிலத்தின் அடுத்த பருவம்.

*

இந்தப் பருவத்தைத் தாங்குவது ஸ்ரீவைகுண்டம் அணை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது. வடகாலும் தென்காலும் அங்கிருந்து பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இந்தக் கடைமடைத் தண்ணீரில்தான் தழைக்கிறது. கொடிக்கால் உவரைத் தாங்காது.

கோடையில் அணைக்குக் கீழே ஓட்டம் அற்றுப்போகும்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக மேலேறுகிறது. கிணறுகள் கரிக்கத் தொடங்குகின்றன. 2023 டிசம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெள்ளத்தில் மூழ்கின. கடைமடைக்காரர்கள் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள்: தண்ணீர் வராத கோடையை, வேண்டாத அளவு வரும் மழையை.

*

ஆற்றுநீர் கடலில் கலந்தால் வீண் என்று பேசுகிறோம். இந்த மூன்று ஊர்களும் அந்தப் பேச்சுக்கு மறுப்பு. கடலில் கலந்த நீரும் அது சுமந்து வந்த மண்ணும் சேர்ந்துதான் இந்த நிலத்தை உண்டாக்கின. கடலுக்குப் போகும் பங்கை நிறுத்தினால் உப்பு ஏறிவரும், கொற்கையின் வயல் வரைக்கும். கொற்கையின் பெருமையைப் பேசும் நாம் அகழாய்வுக் குழிக்கு வேலி போடுவதோடு நின்றுவிடக்கூடாது. கடைமடைக்குத் தண்ணீர் விடுவதும், அதற்கு அப்பால் முகத்துவாரம் வரை ஆற்றை ஓடவிடுவதும் அந்தப் பெருமைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.