பிடித்தபின் விடுவது அருளாகுமா?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் மீன்பிடித்தலைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், கொல்லாமலேயே மீன்பிடிக்கும் ஒரு விளையாட்டு இந்நாளில் பல நாடுகளில் பரவியுள்ளது. தொழிலின் பொருட்டு வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள், உடன் பணிபுரிவோரால் இதற்கு அழைக்கப்படலாம். "பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிடுகிறோம், உங்கள் அறத்திற்கு இதில் என்ன குறை?" என்று வினவினால் அவர்கள் யாது கூறுவர்? அவ்வினாவுக்கு விடை காண வேண்டிய கடமை நமக்கு உண்டு.

முதலில் இவ்விளையாட்டின் இயல்பை அறிவோம். காஷ்மீரத்தில் பஹல்காம் வழியாகப் பாய்வது லித்தர் ஆறு. அதன் குளிர்ந்த நீரில் வாழும் பழுப்பு டிரவுட் மீன் அம்மண்ணுக்கு உரியதன்று. தூண்டில் விளையாட்டுக்கென்றே 1900-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து கொணர்ந்து வளர்க்கப்பட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, மீன்வளத் துறையின் அனுமதி பெற்றோர் அங்குத் தூண்டிலிடலாம். அதன்பின் முட்டையிடும் பருவம் வருவதால் தடை உண்டு. இம்முறையில் புழுவைக் கோப்பதில்லை. இறகையும் மயிரையும் நூலால் தூண்டில் முள்ளில் கட்டி, நீர்மேல் அமரும் பூச்சியைப் போலச் செய்து வீசுகின்றனர். உணவென்று நம்பி மீன் அதைக் கவ்வுகிறது.

பிடித்ததை உண்பவர் உண்டு, விடுபவரும் உண்டு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், அம்மண்ணுக்குரிய கட்த்ரோட் டிரவுட் பிடிபட்டால் விட்டுவிட வேண்டும் என்பதே விதி. சதையைப் பற்றிக்கொள்ளும் எதிர்முள் இல்லாத தூண்டிலையே அங்குப் பயன்படுத்த வேண்டும். இத்தகையோரிடம் நற்பண்பே இல்லை என்று நாம் கூறலாகாது. பருவத் தடையை மதிப்பதும், ஆற்று நீர் மாசுபடாமல் காக்கக் குரல் கொடுப்பதும், கொல்லாமல் விடுவதும் கொலையினும் மேலானவையே. ஆயினும், மேலானது என்பது வேறு. குற்றமற்றது என்பது வேறு.

மீனின் பக்கம் நின்று நோக்குவோம். தூண்டிலில் மாட்டிய மீன் உயிருக்குப் போராடுகையில் அதன் தசைகள் களைத்து, உடலில் அமிலம் மிகுகிறது. நீருக்கு வெளியே எடுத்தால் அதனால் மூச்சுவிட இயலாது. உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பான பூச்சு அழிகிறது. கோடையில் நீர் வெப்பமுற்று உயிர்வளி குறைந்திருக்கும்போது, விடப்பட்ட மீன் சிறிது நேரத்தில் இறப்பதும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறிவியலார், வானவில் டிரவுட்டின் தலைப்பகுதியில் ஊறுணரும் நரம்பு முனைகள் இருப்பதை வெளியிட்டனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியிலுள்ள கற்களில் வாயைத் தேய்த்தன. நெடுநேரம் உணவை நாடவில்லை. இதனை நம்மைப் போன்ற துன்ப உணர்வு என்று கொள்ளலாமா என அறிஞரிடையே வாதம் உண்டு. மீனை ஐம்பொறி உயிராகக் கண்ட நம் மரபுக்கோ இதில் ஐயமில்லை.

இனி, நம் அறநூல்களின் அளவுகோலைக் கொள்வோம். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் மறுத்தல். இவற்றுள் ஒன்றேனும் கொலையன்று என்பதை நோக்குக. உயிர் போகவில்லை என்பதனால் விரதம் காக்கப்பட்டதாகாது. வாயில் முள்ளேற்றிக் கயிற்றால் இழுத்தல் இவ்வரிசையில் எங்கே அமையும் என்று விளக்கவும் வேண்டுமோ? உழவனது ஏரில் சிற்றுயிர்கள் மடிகின்றன. வலைஞனோ சில நாள் ஒன்றும் பிடியாமல் திரும்புகிறான். இருந்தும், எண்ணத்தின் வேறுபாட்டால் பாவம் வலைஞனையே சாரும் என்பர் நம் ஆசாரியர். உழவன் வேண்டுவது விளைவை. உயிரின் துன்பத்தை அன்று. விளையாட்டாகத் தூண்டிலிடுபவன் வேண்டும் இன்பமோ, அவ்வுயிரின் போராட்டத்திலேயே இருக்கிறது.

"நம் கதைகளிலும் மீனை விட்டவன் போற்றப்படுகிறானே" என்று ஒருவர் கேட்கலாம். அவந்தி நாட்டு வலைஞன் மிருகசேனன், வலையில் முதலில் விழும் உயிரைக் கொல்வதில்லை என்று முனிவரிடம் விரதம் ஏற்றான். முதலில் அகப்பட்ட மீனை அடையாளமிட்டு விட்டான். அம்மீனே மீண்டும் மீண்டும் வலையில் விழ, ஐந்து முறையும் விட்டு, வெறுங்கையுடன் வீடு திரும்பி மனைவியின் சினத்துக்கு ஆளானான். அவ்வறத்தின் பயனாக மறுபிறப்பில் ஐந்து முறை உயிர் தப்பினான் என்பது கதை. இங்கு விடுதல் அவனுடைய ஊணையே விடுதலாக இருந்தது. அதனால் அது துறவின் சாயலைப் பெற்றது. விளையாடுபவன் எதனை இழக்கிறான்? தான் நாடிய இன்பத்தைப் பெற்றபின், தனக்கு வேண்டாததை விடுகிறான். செயல் ஒன்றுபோலத் தோன்றினும் பொருள் ஒன்றன்று. திரும்ப விடும் நோக்கத்துடன் தூண்டிலிடுவதையே சுவிட்சர்லாந்து நாடு தன் 2008-ஆம் ஆண்டு விலங்குநல விதிகளில் தடைசெய்தது. நம் நெறியை அறியாத நாடும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது.

இவ்வளவும் பிறரைக் குறைகூற அன்று. பிடித்தபின் விடுதல் ஆற்றங்கரையில் மட்டும் நிகழ்வதன்று. பத்து அறங்களைப் போற்றும் தசலட்சண நாட்களின் முடிவில் நாம் ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கோருகிறோம். அறியாது செய்த பிழைக்கு அது மருந்து. ஆனால், பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்ற துணிவில் மருமகளையோ, உடன்பிறந்தானையோ, பணியாளையோ ஆண்டு முழுதும் சொல்லால் குத்தினால், நாமும் முள்ளை ஏற்றி, இழுத்துப் பார்த்து, பிறகு விடுபவர்களே. வாயில் தைத்த முள்ளைக் கழற்றலாம். தைத்த நேரத்துத் துன்பத்தைக் கழற்ற இயலாது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாம் கூறத்தக்க விடை எளியது. நண்பருடன் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள்; நீரில் துள்ளும் மீனைக் கண்டு மகிழுங்கள். தூண்டிலைத் தந்தால், அவரைப் பழிக்காமல் பணிவுடன் மறுத்துவிடுங்கள். விடுவது நன்று; பிடியாமை அதனினும் நன்று. அதனை மீனிடத்தும் மனிதரிடத்தும் ஒருங்கே காப்பதே ஜினநெறி.